எரிக்காமல் பிரிப்பதற்கு ஒரு கொட்டகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பரந்தனுக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையில், ஏ9 வீதியோரத்தில் கணினி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகின்றேன். 2002 ஆம் ஆண்டு பாதை திறந்து, வவுனியாப் பக்கமிருந்து பாவித்த பென்ரியம் கணினிகள் வன்னிக்குள் வரத் தொடங்கிய நாட்களில் இந்தத் தொழிலைப் பழகியவன் நான். நடுவில் சில ஆண்டுகள் கடையும் இருக்கவில்லை, தொழிலும் இருக்கவில்லை. மீள்குடியேறிய பின்னர் மறுபடியும் அதே மேசை, அதே சோல்டரிங் அயன். இத்தனை காலமும் பழுதான கணினியை எப்படி எழுப்புவது என்பதையே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, எழுப்ப முடியாத கணினிகள் எங்கே போகின்றன என்று பார்க்கக் கடந்த ஒரு வருடத்தில்தான் நேரம் வாய்த்தது. நேரம் வாய்த்தது என்பதைவிட, புகை மூக்கில் ஏறியது என்று சொல்வதே பொருத்தமாகும்.

எங்கள் குறிச்சியில் பழைய இரும்பு எடுக்கும் தம்பி ஒருவர் இருக்கின்றார். வயது இருபதைத் தாண்டியிருக்காது. சைக்கிள் கரியரின் இரு பக்கமும் உரப்பைகளைக் கட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டால், இரும்பு, போத்தல், பழுதான மின்விசிறி என்று சேர்த்து, அண்மைக் காலமாகக் கணினிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் திரும்புவார். சேர்ந்த வயர்களையெல்லாம் கிழமைக்கு ஒருமுறை வீட்டின் பின்புறம் ஒரு தகரத்தில் குவித்து, பொச்சும் காய்ந்த பனையோலையும் வைத்து எரிப்பது அவரது வழக்கம். ஒரு நாள் அவ்வழியே போனபோது நின்று பார்த்தேன். மஞ்சளாகத் தொடங்கிய தீ, வயரின் மேலுறை உருகியதும் பச்சையாகவும் நீலமாகவும் மாறியது. செம்பும் குளோரீனும் சேர்ந்து எரியும்போது வருகின்ற நிறம் அது. பக்கத்தில் நின்ற சின்னத் தங்கை அந்த நிறத்தைக் காட்டிக் கைதட்டினாள். தீ அடங்கியதும் தாயார் கருகிய கம்பிச் சுருளைக் கிணற்றுக்கட்டடிக்கு எடுத்துச் சென்று, ஒரு வாளித் தண்ணீரில் அலசிச் சாம்பலைக் கழுவி, அந்தக் கறுப்புத் தண்ணீரை வாழையடியில் ஊற்றினார். வாழைக்கும் கிணற்றுக்கும் இடையில் பத்தடிகூட இல்லை.

வயரின் மேலுறை பெரும்பாலும் பீவீசி என்னும் பிளாஸ்ரிக்கால் ஆனது. தூய பீவீசியின் நிறையில் பாதிக்கு மேல் குளோரீன்தான். பழைய வயர்களில் அந்த உறை வெயிலிலும் சூட்டிலும் கெடாமலிருப்பதற்கென ஈயச் சேர்வைகளும் கலக்கப்பட்டிருக்கும். அரைகுறையாக எரிகின்ற திறந்த தீயில், செம்பும் துணைநிற்க, அந்தக் குளோரீன் டயொக்சின் என்னும் நஞ்சாக உருவெடுக்கின்றது. டயொக்சின் கொழுப்பில் போய்த் தங்குவது. மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் ஊடாக முட்டைக்கும், மேயும் மாட்டின் ஊடாகப் பாலுக்கும் வந்து சேரும். கானா நாட்டின் அக்ரா நகரில் வயர் எரிக்கப்பட்ட அக்போக்புளோசி என்ற இடத்தில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளை 2019 இல் பரிசோதித்தபோது, அவற்றில் டயொக்சின் மிக உயர்ந்த அளவில் இருந்தமை தெரியவந்தது. நான் பார்த்த வளவிலும் ஐந்தாறு கோழிகள் அந்தத் தகரத்தடியில்தான் கொத்திக்கொண்டு நின்றன.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த கிழமையும் எரிப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நஞ்சைப் பற்றி ஒன்றும் பேசாமல் தராசைக் கொண்டு பேசினேன். ஒரே வகையான வயரை மூன்று கிலோ, மூன்று கிலோவாக இரண்டு பங்காக நிறுத்தோம். ஒரு பங்கை அவர் வழக்கம்போல் எரித்தார். மற்றப் பங்கை என் கடை வாசலில் இருந்து, மரக்கட்டையில் சவர அலகைப் பொருத்திச் செய்த ஒரு சிறு கருவியால் இருவருமாக உரித்தோம். ஒரு பின்னேரம் முழுவதும் போயிற்று. மறுநாள் இரண்டையும் ஒரே வியாபாரியிடம் கொண்டுபோனோம். எரித்த பங்கில் மெல்லிய நூற்கம்பிகள் கருகிப் பொடிந்து சாம்பலோடு போயிருந்தபடியால் நிறையிலேயே நூறு கிராமுக்கு மேல் குறைந்தது. அதற்கு மேல், உரித்த செம்பு பளபளப்பாக இருந்ததால் அதற்கு முதல்தர விலையும், எரித்ததற்கு அதிலிருந்து நன்கு குறைந்த விலையும் கிடைத்தன. தம்பி வீடு திரும்பும் வரை ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை வந்து, "அண்ணை, அந்தக் கட்டையை ஒருக்காத் தாங்கோ" என்று கேட்டு வாங்கிப் போனார்.

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: பழைய கணினியில் காசு இருக்கின்றது, ஆனால் அதில் நல்ல பங்கு நெருப்பிலும் அமிலத்திலும் போய்விடுகின்றது. பொறுமையாகக் கையால் பிரித்து, தரம் தரமாக ஒதுக்கினால்தான் அது பிரிப்பவரின் கைக்கு வரும். அப்படி இருந்து பிரிப்பதற்கு ஓர் இடமும், நியாயமான ஒரு தராசும் வன்னியில் இல்லை. அவற்றைப் பிரதேச சபைகள் ஏற்படுத்தித் தர வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொவ்ற் நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய புறோசசர்களை ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் பகுதிப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை, மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் புலம்பெயர் உறவுகளும் தொண்டு நிறுவனங்களும் அன்பளிப்புச் செய்தவை; அங்கே ஒரு சுற்றுப் பாவித்து முடித்த பின்னர் இங்கே வந்தவை. அவற்றை, இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றேன். சிலர் கேட்கின்றார்கள், பலர் கேட்பதில்லை. எப்படியோ, அடுத்த இரண்டொரு வருடங்களில் இவை கழிக்கப்பட்டு மூலையில் குவியப்போகின்றன. உலக அளவில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவு உருவானதென்றும், அதில் 22.3 வீதம் மட்டுமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளதென்றும் ஐக்கிய நாடுகளின் 2024 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. மீதியில் எங்கள் குறிச்சித் தகரமும் அடக்கம்.

கணினிப் பெட்டியொன்றைத் திறந்தால் நிறையில் பெரும்பங்கு உருக்குத் தகடுதான். அது இரும்பு விலைக்கே போகும். காசு இருப்பது சிறிய சாமான்களில். புறோசசரின் மேலிருக்கும் வெப்பந்தணிப்பி அலுமினியம். பென்ரியம் 4 காலத்தவை சிலவற்றில் நடுவில் செம்புக் கட்டியொன்று இருக்கும், அதை வேறாக்காமல் கொடுத்தால் முழுவதும் அலுமினிய விலைக்கே போய்விடும். பவர் சப்ளைக்குள் வளையங்களில் சுற்றிய தடித்த செம்புக் கம்பியும், நல்ல நீளமான வயர்க் கட்டும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது கவனம் வேண்டும்: 230 வோல்ற் மின்சாரம் உள்ளே நேரோட்டமாக மாறும்போது, மின்னைத் தேக்கிவைக்கும் பெரிய கப்பாசிற்றர்களில் 320 வோல்ற்றுக்கு மேல் ஏறி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பின்னும் சில வேளைகளில் அது உடனே இறங்காது. சுத்தியலால் உடைத்துக் கையை விடுபவருக்கு அது ஒரு தடவை நன்றாகப் பாடம் சொல்லும். வன்தட்டில் அலுமினிய உடலும், ஒரு சிறு சுற்றுப் பலகையும், உள்ளே நியோடிமியம் காந்தம் இரண்டும் இருக்கின்றன. நட்சத்திரத் தலை ஸ்குறூவுக்கேற்ற டிறைவர் ஒன்று கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்தக் காந்தத்தை நூலில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் வியாபாரிகளை நான் பார்த்திருக்கின்றேன். செம்பு என்று கொண்டுவருவது உண்மையில் செம்புப் பூச்சுப் பூசிய உருக்கா என்று ஒரு தட்டில் பார்த்துவிடுவார்கள். அலுமினியத்துக்குப் பூசியதென்றால் காந்தம் பிடிக்காது. அதற்குக் கத்தி நுனியால் சுரண்டி உள்ளே வெள்ளை தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும்.

சுற்றுப் பலகைகளிலும் சாதி உண்டு. கணினியின் மதர்போர்ட் என்னும் தாய்ப்பலகை, றாம் என்னும் நினைவக அட்டை, இணைப்பு அட்டைகள் ஆகியவற்றின் பச்சைப் பலகை கண்ணாடி நாரால் ஆனது. பழைய தொலைக்காட்சியிலும் மொனிற்றரிலும் பவர் சப்ளையிலும் வரும் பழுப்புப் பலகை மலிவானது, அதில் பெறுமதியான உலோகம் மிகக் குறைவு. பத்துக் கிலோ பச்சைக்குள் ஒரு கிலோ பழுப்பு கலந்தால், வாங்குபவர் பதினொரு கிலோவையும் பழுப்பு விலைக்குத்தான் கேட்பார். றாமை மதர்போர்ட்டிலிருந்து கழற்றாமல் கொடுப்பது, நெல்லோடு பயற்றையும் கலந்து நெல் விலைக்கு விற்பது போன்றது. இந்த வேறுபாடு தெரியாததாலேயே எங்கள் பிள்ளைகள் கிலோக் கணக்கில் ஏமாறுகின்றார்கள். தெரிந்த இடைத்தரகர் அதே மூட்டையை வவுனியாவில் பிரித்து ஒதுக்கி இரட்டிப்பாக்கிக்கொள்கின்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் செய்த வேலைக்குக் கூலி எடுக்கின்றார். அந்த வேலையை நாங்களே செய்யலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இனித் தங்கத்தைப் பற்றி. பவுன் விலை ஏறிய ஏற்றத்தில், கணினியிலிருந்து தங்கம் எடுப்பது எப்படி என்று காட்டும் காணொளிகள் எல்லாருடைய கைப்பேசியிலும் வந்துவிட்டன. தருமபுரம் பக்கத்து இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் யோகட் கோப்பையொன்றில் மண்ணிறச் சேறு கொஞ்சம் கொண்டுவந்து, "இது தங்கமோ அண்ணை?" என்று என்னிடம் கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட பலகைகளின் மஞ்சள் விளிம்புகளை வெட்டி, மலகூடம் கழுவும் அசிட்டையும், எங்கிருந்தோ வாங்கிய நைத்திரிக் அமிலத்தையும் சேர்த்து, சமையல்கட்டுக்கு வெளியே ஒரு கண்ணாடிப் போத்தலில் கரைத்திருக்கின்றார். எழும்பிய செம்பழுப்புப் புகையால் இரண்டு நாள் இருமல். அந்தச் சேற்றை நகைத்தொழிலாளி ஒருவரிடம் கொடுத்து உருக்கியபோது கடுகளவு மஞ்சள் கிடைத்தது. பலகைகளுக்குக் கொடுத்த காசையும் அமிலத்தின் விலையையும் கூட்டிப் பார்த்தால் அவருக்கு நட்டம்தான். அந்தப் புகை நைதரசனீரொட்சைட்டு என்பதையும், அதை நிறையச் சுவாசித்தவருக்கு அந்த நேரம் ஒன்றும் தெரியாமல் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கட்டி மூச்சடைக்கலாம் என்பதையும் அந்தக் காணொளிகள் சொல்வதில்லை.

தங்கம் இருப்பது பொய்யில்லை. ஒரு தொன் கணினிச் சுற்றுப் பலகையில் ஏறத்தாழ 200 கிராம் தங்கம் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகின்றார்கள். சுரங்கத்தில் வெட்டும் ஒரு தொன் தாதில் சில கிராம்கள் கிடைத்தாலே அது இலாபமான சுரங்கம். தோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் யப்பானியர் பழைய கைப்பேசிகளிலிருந்தும் மின்சாதனங்களிலிருந்தும் எடுத்த உலோகத்தாலேயே செய்தார்கள். அதில் 32 கிலோ தங்கம். ஆனால் ஒரு மதர்போர்ட் அரைக் கிலோ நிறை என்று வைத்தால் அதிலுள்ள தங்கம் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு. 8 கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு, ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தாலும் 80 பலகை வேண்டும். ஒரு துளியும் வீணாகாமல் எடுக்க வீட்டுப் போத்தலால் முடியாது: பெங்களூரில் சிறு பட்டறைகளின் அமில முறையை ஆராய்ந்தவர்கள், பலகையிலுள்ள தங்கத்தில் நாலில் ஒரு பங்கே அங்கு மீட்கப்படுவதைக் கண்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு பவுனுக்கு 320 பலகை. பெல்ஜியத்தின் ஹோபோக்கனிலும் சுவீடனின் றொன்ஸ்காரிலும் யப்பானிலும் இருக்கின்ற பெரிய உருக்காலைகளோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் எடுக்கின்றன. தங்கத்தோடு வெள்ளி, பலேடியம், செம்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பதால்தான் அவர்களால் பலகைக்கு நல்ல விலை கொடுக்க முடிகின்றது. ஆகவே பலகையை அமிலத்தில் போடாமல், விளிம்பை வெட்டாமல், முழுதாக விற்பவரே உண்மையில் தங்கத்தை விற்கின்றார். விளிம்பு வெட்டிய பலகைக்கு விலை இறங்கிவிடும் என்பதையும் அந்தத் தருமபுரத்துத் தம்பி பிறகுதான் அறிந்துகொண்டார்.

தங்கத்தின் மீது இவ்வளவு கண் வைக்கும் நாங்கள் ஈயத்தை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. பழைய குண்டு மொனிற்றரின் கண்ணாடிக் குழலில் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் கண்ணாடியோடு கலந்து இருக்கும். குழலின் கழுத்தில் இருக்கும் செம்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்து, சுருளைக் கழற்றிக்கொண்டு, மீதியை வாய்க்கால் ஓரத்திலோ பற்றைக்குள்ளோ எறிந்துவிட்டுப் போகின்றார்கள். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் கட்டுப்பாடு வருவதற்கு முன்னர் செய்யப்பட்ட பலகைகளில், சாமான்களை ஒட்டும் பற்றாசில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஈயம்தான். இவற்றையெல்லாம்விட மோசமானது, மின் தடைப்படும்போது கணினியைத் தாங்கும் யூபிஎஸ் பெட்டியின் ஈயப் பற்றரி. கரையோரத்தில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்காகப் பற்றரியை உடைத்து, அமிலத்தை மணலில் ஊற்றிவிட்டு, ஈயத் தகடுகளைச் சட்டியில் போட்டு உருக்குவதை முல்லைத்தீவுப் பக்கத்தில் என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சட்டி முன்பு வீட்டில் மீன் பொரித்த சட்டி. குண்டு வார்த்து முடிந்ததும் அது மறுபடியும் வீட்டுக்குள் போனதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகின்றது. சீனாவின் குயியூ நகரில் வீட்டுக்கு வீடு கணினி பிரித்த காலத்தில் அங்குள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் உயர்ந்திருந்தமை ஆய்வுகளில் வெளிவந்தது. எங்களுக்கோ குடிதண்ணீர், ஆழமில்லாத கட்டுக்கிணற்றில். மாரி பெய்தால் முற்றத்துச் சாம்பலும் பற்றைக்குள் கிடக்கும் கண்ணாடித்தூளும் எங்கே ஓடும் என்று வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

2009 இற்குப் பின்னர் இங்கே பழைய இரும்பு எடுக்கப் போய்க் கையிழந்தவர்களையும் கண்ணிழந்தவர்களையும் நாங்கள் அறிவோம். அந்த அனுபவத்தால், தெரியாத இரும்பைக் கண்டால் கை வைக்காமல் தள்ளி நிற்க எங்கள் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை அதற்குத் துணை நின்றது. ஈயத்துக்கும் டயொக்சினுக்கும் அப்படி ஒரு பலகை நடப்படுவதில்லை.

அரச அலுவலகங்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. கடந்த வருடம் இப்பகுதியிலுள்ள அலுவலகமொன்றில் பாவனைக்குதவாத பொருட்கள் ஏலம் விடப்பட்டன. உடைந்த கதிரைகள், துருப்பிடித்த அலுமாரிகள், ஒரு போட்டோப் பிரதி இயந்திரம், 23 கணினிகள் எல்லாம் ஒரே தொகுதியாக விற்கப்பட்டன. தொகுதியை எடுத்தவர் அலுமாரி இரும்புக்காகவே எடுத்தார். கணினிகளை முற்றத்திலேயே கோடரிப் பிடங்கால் உடைத்துத் தகட்டை மட்டும் பட்டா வாகனத்தில் ஏற்றினார். அவரிடம் ஒன்பது வன்தட்டுகளை நிறை விலைக்கு வாங்கினேன். திரும்பப் பாவிக்கலாமா என்று பார்ப்பதற்காக இரண்டை என் கணினியில் இணைத்தபோது, வீட்டுத்திட்டமொன்றுக்கு விண்ணப்பித்த குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், அவர்களில் யார் காணாமற்போனார் என்ற விபரம் வரைக்கும் திரையில் வந்து நின்றது. உடனே மூடிவிட்டேன். ஒன்பதையும் முழுமையாக அழித்துவிட்டு, அலுவலகத்துக்குப் போய் விடயத்தைச் சொன்னபோது கிடைத்த பதில், "அது கழிச்ச சாமான்தானே" என்பது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே இப்படிப்பட்ட விபரங்கள் தெருவுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான். கழிக்கும் முன்னர் வன்தட்டைக் கழற்றி, ஒருமுறை முழுவதும் பூச்சியம் எழுதி அழிப்பதற்குத் தட்டொன்றுக்குச் சில மணி நேரம் போதும். கணினி தானே செய்துகொள்ளும், பக்கத்தில் யாரும் நிற்கவும் தேவையில்லை. வேலை செய்யாத தட்டென்றால் துளைபோடலாம். கணினிகளைத் தளபாடங்களோடு கலக்காமல் தனித் தொகுதியாக விற்றால் அலுவலகத்துக்கும் கூடுதல் வருமானம் வரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1 ஆம் திகதிய 1534/18 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி கழித்த கணினிகளையும் அட்டவணைப்படுத்திய கழிவுகளுக்குள் சேர்த்து, அவற்றைச் சேகரிப்பதற்கும் களஞ்சியப்படுத்துவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்கின்றது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும், ஆபத்தான கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் நடைமுறை உண்டு. 2025 ஜனவரி 1 முதல் அது எல்லா வகை இலத்திரனியற் கழிவுக்கும் விரிந்துவிட்டது. இவை தேவையான கட்டுப்பாடுகள்தான். ஆனால் சைக்கிளில் உரப்பை கட்டிப் போகும் ஒருவர் இந்த அனுமதிப்பத்திரத்தை எடுக்கப்போவதில்லை. அவரைப் பொலிசார் பிடித்தால் அவர் நாளைக்குக் காட்டோரமாகப் போய் எரிப்பார். ஒரு சுமைக்கூலிக்கே போதாத அளவு சாமானுக்காக அனுமதி பெற்ற கொழும்பு நிறுவனம் இவ்வளவு தூரம் லொறி அனுப்பவும் மாட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த ஒருவர் பிரதேச சபையாகவோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமாகவோ இருக்கலாம் என்பது என் யோசனை. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் பதவியேற்ற கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்குச் சபைகள் இதற்கென ஆளுக்கொரு கட்டடம் எழுப்பத் தேவையில்லை. முதலில் மாவட்டத்துக்கு ஒன்று போதும். நான் கேட்பது மாளிகையில்லை: சீமெந்துத் தரை, ஒழுகாத கூரை, தண்ணீர் வெளியே ஓடாத விளிம்பு, நாலு மேசை. கையால் சுற்றி வயர் உரிக்கும் இயந்திரம் ஒன்று, நட்சத்திர டிறைவர்கள், கையுறை, நல்ல முகக்கவசம். மொனிற்றர் குழலையும் பற்றரியையும் உடைக்காமல் முழுதாக வைத்துப் பூட்டுவதற்கு ஒரு தனி அறை. மடிக்கணினிப் பற்றரிகளுக்கு மணல் வாளியோடு இன்னொரு மூலை, ஏனெனில் அவை குத்துப்பட்டால் தானாகவே தீப்பிடிப்பவை. எல்லாவற்றிலும் முக்கியமானது, கொண்டுவருபவர் தன் கண்ணால் பார்க்கக்கூடிய தராசும், செம்பு, அலுமினியம், பச்சைப் பலகை, றாம் என்று தரவாரியாக அன்றன்றைய விலை எழுதிய ஒரு கரும்பலகையும். அனுமதிப்பத்திரம் சபையின் பெயரில் இருக்கட்டும். சாமான் பிரிப்பவருடையதாகவே இருக்கட்டும். ஒரு லொறிக்குச் சேர்ந்ததும் அனுமதி பெற்ற நிறுவனமொன்றை அழைத்து எல்லார் முன்னிலையிலும் விலை பேசட்டும். சபை தன் செலவுக்கு நூற்றுக்கு ஒரு பங்கைக் கழித்துக்கொள்வதில் எவருக்கும் மறுப்பிராது.

பயிற்சிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கின்றது. அதே இடத்தில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றது. ஒரு பழைய பவர் சப்ளையை ஆபத்தில்லாமல் திறக்கக் கற்பிக்க அரை நாள் போதும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனத்துக்கு, ஸ்குறூவைக் கழற்றக் கற்பிப்பது பெரிய காரியமா என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். கற்பிக்க வேண்டியது கழற்றுவதையல்ல, எதை உடைக்காமல் விட வேண்டும் என்பதையே.

இவ்வளவையும் எழுதிய எனக்கே ஒரு சிக்கல் இருக்கின்றது. சவர அலகுக் கட்டையை வாங்கிப்போன தம்பியும், தருமபுரத்து இளைஞரும், இன்னும் மூன்று பேரும் இப்போது எரிப்பதையும் அமிலத்தில் போடுவதையும் விட்டுவிட்டு, பிரித்த பலகைகளைக் கொண்டுவந்து என் கடையின் பின்தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கின்றார்கள். நேற்று நிறுத்துப் பார்த்தேன்: பச்சைப் பலகை 140 கிலோ, றாம் 6 கிலோ, உடைக்காத மொனிற்றர் 11, யூபிஎஸ் பற்றரி 19. சட்டப்படி பார்த்தால் இவற்றை நான் வைத்திருப்பதும் சரியில்லை. தறப்பாளால் மூடியிருக்கின்றேன், மாரி தொடங்க முன்னர் அப்புறப்படுத்த வேண்டும். எந்தச் சபையின் தவிசாளரோ சுற்றாடல் உத்தியோகத்தரோ எங்கே கொண்டுவந்து இறக்குவது என்று சொன்னாலும், ஏற்றுக்கூலியை நாங்கள் ஆறு பேரும் பகிர்ந்து கொடுக்க ஆயத்தமாக இருக்கின்றோம்.

இங்ஙனம்,
கணினி திருத்துநர் ஒருவர்,
பரந்தன்.